ஆடா, புலியா? வீட்டுத் தரையில் மூளைக்கு ஒரு பயிற்சி

புளியங்கொட்டை பதினைந்து. சோடா மூடி மூன்று. ஒரு சாக்பீஸ். இந்தப் பாடத்துக்குச் செலவு இவ்வளவுதான்.

உடல்நலம் பேசுகிற பக்கத்தில் விளையாட்டுக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். ரிடையர் ஆகி வீட்டோடு இருக்கும் அப்பா, நாள் முழுக்க செல்போனில் தலை கவிழ்ந்திருக்கும் பத்து வயதுப் பையன், இரண்டு பேருக்கும் நடுவில் சமையலறைக்கும் ஹாலுக்குமாக ஓடிக்கொண்டிருக்கும் நீங்கள்... இந்த மூன்று பேரில் இரண்டு பேரை ஒரே பாயில் கால் மணி நேரம் உட்கார வைக்க ஒரு வழி இருக்கிறது என்றால், அதைச் சொல்வதும் வைத்தியத்தில் சேர்ந்ததுதானே?

ஆடு புலி ஆட்டம். பெயரைக் கேட்டதும், "அட, அதுவா! சின்ன வயசுல ஆடியிருக்கேன்" என்பீர்கள். எப்படி ஆடுவது என்று கேட்டால் பாதிப் பேருக்கு ஞாபகம் இருக்காது. பழைய கோயில் மண்டபங்களில் கருங்கல் தரையிலேயே இந்தக் கட்டத்தைச் செதுக்கி வைத்திருப்பதைப் பார்க்கலாம். காத்திருந்த நேரத்தை நம்மவர்கள் எப்படிக் கழித்திருக்கிறார்கள், பாருங்கள்!

இதில் தாயக்கட்டை கிடையாது, சீட்டு கிடையாது, அதிர்ஷ்டமும் கிடையாது. இரண்டு பேர் கண் முன்னால் எல்லாம் திறந்து கிடக்கிறது. ஜெயித்தால் யோசித்ததால் ஜெயித்தீர்கள்; தோற்றால் எங்கேயோ அவசரப்பட்டீர்கள்.

முதலில் கட்டம் போடுவோம்

தரையில் மேலே ஒரு புள்ளி வையுங்கள். அதுதான் உச்சி. உச்சியிலிருந்து விசிறி மாதிரி நான்கு கோடுகள் கீழே இறக்குங்கள். அந்த நான்கின் நுனிகளையும் ஒரு படுக்கைக் கோட்டால் சேர்த்துவிடுங்கள். இது அடிக்கோடு.

உச்சிக்கும் அடிக்கோட்டுக்கும் நடுவில், ஒன்றன் கீழ் ஒன்றாக மூன்று குறுக்குக் கோடுகள். இவை நான்கு கோடுகளையும் வெட்டிக்கொண்டு இரண்டு பக்கமும் கொஞ்சம் வெளியே நீள வேண்டும். இடப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் மூன்று நுனிகளையும் ஒரு கோட்டால் இணையுங்கள், வலப்பக்கமும் அப்படியே. இவை பக்கக் கோடுகள். ஆச்சு, கட்டம் தயார்.

எண்ணிப் பாருங்கள். உச்சி 1. மூன்று குறுக்குக் கோடுகளில் தலைக்கு 6 வீதம் 18. அடிக்கோட்டில் 4. மொத்தம் 23 இடங்கள். எண்ணிக்கை தப்பினால் கோடு எங்கேயோ தப்பியிருக்கிறது. அழித்துவிட்டு மறுபடி போடுங்கள்.

யார் என்ன செய்யலாம்?

புலி மூன்று. ஒன்று உச்சியில். மற்ற இரண்டும் முதல் குறுக்குக் கோட்டில், உச்சிக்கு நேர் கீழே நடுவில் இருக்கும் இரண்டு இடங்களில். ஆடு பதினைந்தும் கையில்.

ஆட்டுக்காரர் முதலில் ஒரு ஆட்டைக் காலி இடம் எதிலாவது வைப்பார். பிறகு புலிக்காரர் ஒரு புலியை, கோட்டின் வழியே அடுத்த காலி இடத்துக்கு ஒரு அடி நகர்த்துவார். மறுபடி ஆடு, மறுபடி புலி. பதினைந்து ஆடும் இறங்கி முடியும் வரை வைத்த ஆட்டை நகர்த்தக் கூடாது. புலிக்கு அந்தத் தடை இல்லை. முதல் நொடியிலிருந்தே அது வேட்டையாடலாம்.

வேட்டை எப்படி? புலிக்குப் பக்கத்து இடத்தில் ஆடு இருந்து, அதே நேர்க்கோட்டில் ஆட்டுக்கு அடுத்த இடம் காலியாக இருந்தால், புலி அதைத் தாண்டிக் குதித்து ஆட்டை எடுத்துக்கொள்ளும். திரும்பிக் குதிக்க முடியாது. இரண்டு ஆட்டைச் சேர்த்துத் தாண்ட முடியாது. இன்னொரு புலியைத் தாண்டுவதும் கிடையாது.

ஆடு யாரையும் வெட்டாது. மூன்று புலியையும் நகர முடியாமல் அடைத்துவிட்டால் ஆட்டுக்கு வெற்றி. புலிக்கு எத்தனை ஆடு பிடித்தால் வெற்றி என்பது வீட்டுக்கு வீடு மாறும். ஒரே மூச்சில் இரண்டு முறை குதிக்கலாமா என்பதும் அப்படித்தான். காய் வைப்பதற்கு முன்பே பேசி முடிவு பண்ணிக்கொள்ளுங்கள். பாதி ஆட்டத்தில் பேசினால் அது சண்டை!

ஆடு ஆடுகிறவருக்கு

புதிதாக ஆடுகிற எல்லாரும் செய்வது ஒன்றுதான். புலியின் மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் ஆட்டை வைப்பார்கள், அடைக்கிறேன் பேர்வழி என்று. முதல் குறுக்குக் கோட்டில், இடது ஓரத்து இறங்கு கோடு வெட்டும் இடத்தில் ஒரு ஆடு வைத்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பக்கத்துப் புலி குறுக்கே தாண்டி இடது நுனிக்குப் போய்விடும். அதை விட்டாலும் உச்சிப் புலி மேலிருந்து தாண்டிக் கீழே இறங்கிவிடும். ஒரு ஆட்டுக்கு இரண்டு எமன்.

அப்படியானால் எங்கே வைப்பது? இந்த 23 இடங்களில் 7 இடங்களில் இருக்கும் ஆட்டைப் புலியால் எந்தக் காலத்திலும் வெட்ட முடியாது. காரணம் எளிது. அங்கே எல்லாக் கோடுகளும் முடிந்துவிடுகின்றன; தாண்டிப் போய் இறங்க இடமே இல்லை. உச்சி ஒன்று. பக்கக் கோடுகளின் மேல் நுனி, கீழ் நுனி என்று நான்கு. அடிக்கோட்டின் இரண்டு மூலைகள். உச்சியில் புலி உட்கார்ந்திருப்பதால், தொடக்கத்தில் உங்களுக்கு மிச்சம் ஆறு.

முதல் ஆடுகளை அங்கே நிறுத்துங்கள். பிறகு பக்கக் கோட்டின் நடு இடம். மேலும் கீழும் உங்கள் ஆடு இருப்பதால் அந்த நடு ஆட்டையும் தொட முடியாது. அடிக்கோட்டின் நடுவில் இரண்டு, அவையும் அப்படியே. புலி குறுக்கே வந்து உட்காராவிட்டால் பத்து ஆடு பத்திரம்! அதற்கு மேல் மூன்றாவது குறுக்குக் கோட்டில் நான்கு வைத்தால், பின்னாலும் பக்கத்திலும் முட்டு இருப்பதால் அவையும் பிழைக்கும்.

இவ்வளவு சுலபமா என்று நினைக்காதீர்கள். புலிக்காரர் சும்மா இருக்க மாட்டார். வேலி கட்டி முடிப்பதற்குள் ஒரு புலியைக் கீழே இறக்கி நடுவில் உட்கார வைத்துவிடுவார். அது மட்டுமில்லை. பதினைந்து ஆடும் சேதமில்லாமல் இறங்கிவிட்டால் பலகையில் காலி இடம் ஐந்துதான். அதற்குப் பிறகு உங்கள் முறை வரும்போதெல்லாம் ஏதாவது ஒரு ஆட்டை நகர்த்தியே தீர வேண்டும். அழகாகக் கட்டிய வேலியை உங்கள் கையாலேயே பிரிக்கிற நேரம் அது.

முன்னால் நகர்கிற ஒவ்வொரு ஆடும் தன் முதுகுக்குப் பின்னால் ஒரு காலி இடத்தை விட்டுவிட்டுப் போகிறது. எதிரே அதே கோட்டில் புலி இருந்தால், அந்த இடத்திலேயே குதித்து ஆட்டை எடுத்துவிடும். ஆகவே எதிரில் நேராகப் புலி இல்லாத கோட்டில் மட்டும் ஓர் அடி முன்னால் வையுங்கள். அடுத்த முறையே பின்னால் இருக்கிற ஆட்டை இழுத்து அந்தக் குழியை மூடுங்கள். முன்னால் ஒன்று, மூடு ஒன்று. இந்தத் தாளம் கைக்கு வந்துவிட்டால் பாதி ஆட்டம் வந்த மாதிரி.

புலி ஆடுகிறவருக்கு

புலிக்கு அறிவுரை சின்னதுதான்: மூலைக்குப் போகாதே.

கணக்கைப் பாருங்கள். உச்சியில் இருக்கும் புலியை அடைக்க வேண்டுமானால் அதைச் சுற்றி நான்கு இடமும், அவற்றுக்குப் பின்னால் நான்கு இடமும் நிரம்ப வேண்டும். எட்டு காய். அதே புலி ஒரு ஆட்டை ஆசைப்பட்டுத் தாண்டி அடிக்கோட்டு மூலையில் போய் விழுந்தால், நாலே காயில் அதன் கதை முடிந்தது. ஆட்டுக்குப் பத்திரமான மூலைதான் புலிக்கு ஜெயில். இரண்டு பக்கமும் மாறி மாறி ஆடிப் பார்த்தால்தான் இது உறைக்கும்.

வேலி எழும்பும் முன்பே ஒரு புலி நடுப்பகுதிக்கு வந்துவிட வேண்டும். ஒரு புலியாவது நான்கு பக்கமும் நகரக்கூடிய இடத்தில் இருக்க வேண்டும். வெட்ட ஆடு இல்லையே என்று பதறாதீர்கள். ஆட்டுக்காரர் நகர்ந்தாக வேண்டிய கட்டம் வரும். அப்போது குழி தானாக விழும். காத்திருக்கத் தெரிந்தவனுக்குத்தான் புலி வேஷம் பொருந்தும்.

"இது ஒரு பக்கத்துக்குச் சாதகமான ஆட்டம்" என்று தோற்றவர் சொல்லுவார். நேபாளத்தில் இதற்கு ஓர் உறவுக்காரன் உண்டு. பெயர் பாக் சால். அதில் நான்கு புலி, இருபது ஆடு, 25 இடங்கள். கம்ப்யூட்டரை வைத்து அதை முழுக்க அலசிய ஆராய்ச்சியாளர்கள், இரண்டு பேரும் தப்பே செய்யாமல் ஆடினால் ஆட்டம் டிராவில்தான் முடியும் என்று கண்டுபிடித்தார்கள். நம் ஊர்க் கட்டம் வேறு, கணக்கு வேறு. ஆனாலும் மூன்று பெரிய காய், பதினைந்து சின்னக் காய் என்று பார்த்தவுடன் தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது.

ஞாபகசக்திக்கு நல்லதா, டாக்டர்?

எல்லாரும் கேட்கிற கேள்வி. நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டிய கேள்வி.

2003-ல் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. 75 வயதைத் தாண்டிய 469 பேரைச் சுமார் ஐந்து வருஷம் தொடர்ந்து கவனித்தார்கள். அவர்களில் 124 பேருக்கு டிமென்ஷியா எனப்படும் மறதி நோய் வந்தது. படிப்பது, பலகை விளையாட்டு ஆடுவது, வாத்தியம் வாசிப்பது, நடனமாடுவது என்று பழக்கம் வைத்திருந்தவர்களுக்கு அந்த நோய் குறைவாக வந்திருந்தது. உடனே, "ஆடு புலி ஆடினால் மறதி வராது" என்று போர்டு எழுதி மாட்டிவிடலாமா?

அவசரப்படாதீர்கள். 2013-ல் பிரான்சிலிருந்து இன்னோர் ஆய்வு. 3,675 முதியவர்கள், இருபது வருஷக் கவனிப்பு. பலகை விளையாட்டும் சீட்டும் ஆடியவர்களுக்கு ஆபத்து 15 சதவீதம் குறைவு என்றுதான் முதலில் தெரிந்தது. ஆனால் ஆய்வு தொடங்கிய நாளில் அவர்களுடைய மூளைத் திறன் எப்படி இருந்தது, மனச்சோர்வு இருந்ததா என்பதையும் கணக்கில் சேர்த்தபோது அந்த வித்தியாசம் நிற்கவில்லை. அதாவது, ஆடியதால் மூளை தெளிவாக இருந்ததா, மூளை தெளிவாக இருந்தவர்கள்தான் ஆடிக்கொண்டிருந்தார்களா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

எனவே, இது மறதிக்கு மருந்து என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட்டுப் புளியங்கொட்டையை எடுக்காதீர்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை, புகை, காது கேளாமை ஆகியவற்றைக் கவனித்துக்கொள்வதும், நடப்பதும்தான் மூளைக்கு முதல் பாதுகாப்பு. ஆட்டம் அதற்கு மேல்.

ஆனால் அந்த பிரெஞ்சு ஆய்வைத் திருப்பிப் பார்த்தால் குடும்பத்துக்கு உபயோகமான ஒரு விஷயம் கிடைக்கிறது. தினமும் அப்பாவுடன் ஆடுகிற வீட்டில், அப்பாவிடம் வரும் மாற்றம் முதலில் பலகையில் தெரியும்!

வருஷக்கணக்காக ஆடியவர், புலி எப்படி வெட்டும் என்று திரும்பத் திரும்பக் கேட்கிறாரா? "இப்ப என் முறையா, உன் முறையா?" என்பது ஒரே ஆட்டத்தில் ஐந்தாறு தடவை வருகிறதா? தோற்றால் சிரிப்பவர் இப்போதெல்லாம் பலகையைத் தள்ளிவிட்டு எழுந்து போகிறாரா? ஒரு நாள் நடந்தால் விட்டுவிடுங்கள், தூக்கம் கெட்டிருக்கும். வாரக்கணக்கில் தொடர்ந்தால் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். "வயசாச்சு, அப்படித்தான்" என்று மூடி வைக்காதீர்கள். தைராய்டு கோளாறு, வைட்டமின் பி12 குறைவு, சில மாத்திரைகளின் பக்க விளைவு, காது மந்தம் என்று சரிசெய்யக்கூடிய காரணங்களும் பல உண்டு. ரத்தப் பரிசோதனையிலேயே சில தெரிந்துவிடும்.

"எதுக்குப்பா, வேண்டாம், நீங்க ஆடுங்க" என்று இரண்டு வாரத்துக்கு மேல் ஒதுங்கியே இருக்கிறார், சாப்பாட்டிலும் டி.வி.யிலும்கூட நாட்டம் இல்லை என்றால், அது மறதியாக இல்லாமல் மனச்சோர்வாக இருக்கலாம். முதியவர்களிடம் இது அழுகையாக வராது, ஒதுங்கலாக வரும். இதற்கும் சிகிச்சை உண்டு.

இன்னொன்றை மட்டும் தள்ளிப் போடவே கூடாது. ஆடிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று கையிலிருந்து காய் நழுவுகிறது, வாய் ஒரு பக்கம் கோணுகிறது, பேச்சு குழறுகிறது என்றால் அது பக்கவாதமாக இருக்கலாம். தண்ணீர் கொடுத்துப் படுக்க வைத்துப் பார்க்கலாம் என்று நிற்காதீர்கள். உடனே 108-க்குப் போன். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. அதிலும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்பதை டாக்டர் முதலில் கேட்பார். மணியைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

தாத்தா வேண்டுமென்றே தோற்கலாமா?

கூடாது. குழந்தைகள் கண்டுபிடித்துவிடும்! "தாத்தா, நீங்க சும்மா விட்டுக் குடுத்தீங்க" என்று முகம் சுருங்கும். அதற்குப் பதில் விதியைத் தளர்த்துங்கள். பேத்தி ஆடு ஆடுகிறாளா? முதலில் வெட்டுப்படும் இரண்டு ஆட்டைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஒரு ஆட்டத்துக்கு ஒரு தடவை "வாபஸ்" கொடுங்கள். அவள் கை தேறத் தேற, சலுகையை ஒவ்வொன்றாக எடுத்துவிடலாம்.

துறுதுறு பிள்ளைகளுக்கு இன்னொரு பழக்கம். காயைத் தொடுவதற்கு முன்னால், "இங்க வைக்கிறேன், புலி எந்தப் பக்கமா வரும்?" என்று வாயால் சொல்லச் சொல்லுங்கள். ஆரம்பத்தில் சிணுங்கும். பத்து ஆட்டத்துக்குள் தானாகவே விரலை மடக்கிக்கொண்டு கண்ணால் தேட ஆரம்பிக்கும். கைக்கு முன்னால் கண் போகிற இந்தப் பழக்கம் கணக்குப் பரீட்சையில் மார்க் வாங்கித் தருமா என்று கேட்காதீர்கள். அந்த உத்தரவாதத்தை நான் தர மாட்டேன்.

தோற்ற குழந்தை அழுதால் அழட்டும். அடுத்த ஆட்டத்தில் பக்கத்தை மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டு முறை ஆட்டை மேய்த்தவனுக்குத்தான் புலியின் கஷ்டம் புரியும், புலிக்கும் அப்படியே.

உட்காருவதில் கவனம்

முழங்கால் வலிக்காரர்களைத் தரையில் சம்மணம் போடச் சொல்லாதீர்கள். கட்டத்தை ஒரு அட்டையில் தடிமனான ஸ்கெட்ச் பேனாவால் வரைந்து டீப்பாய் மேல் வையுங்கள். குனிந்து கழுத்து நோகாத உயரமாக இருக்கட்டும். கண்புரை உள்ளவர்களுக்கு வெள்ளை அட்டையில் கறுப்புக் கோடு. காய்களிலும் புலி ஒரு நிறம், ஆடு ஒரு நிறம். வெளிச்சம் அவருடைய தோளுக்குப் பின்னாலிருந்து வரட்டும், முகத்தில் அடிக்க வேண்டாம். கை நடுங்குகிறவர்களுக்குப் புளியங்கொட்டை வழுக்கும். பாட்டில் மூடிகள் எடுக்க வசதி. இரண்டு அளவு, இரண்டு நிறத்தில் இருந்தால் புலியும் அதுவே, ஆடும் அதுவே.

சர்க்கரை உள்ளவர்கள் ஓர் ஆட்டம் முடிந்ததும் எழுந்து ஹாலில் நாலு சுற்று நடந்துவிட்டுத்தான் அடுத்த ஆட்டத்துக்கு உட்கார வேண்டும். "இன்னும் ஒரே ஒரு கேம்" என்று மூன்று ஆட்டம் ஆடுகிறவர்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

வீட்டில் மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தை இருந்தால், ஆட்டம் முடிந்ததும் காய்களை எண்ணி டப்பாவில் போட்டு மூடுங்கள். புளியங்கொட்டை ஒன்று தொண்டையில் அடைத்தால் மூச்சு நின்றுவிடும். ஆடு பதினைந்து, புலி மூன்று. பதினெட்டும் டப்பாவுக்குள் வந்ததா என்று பார்த்த பிறகு விளக்கை அணையுங்கள்.